நல்ல வெட்டு

தையல் பிரித்த அன்றுதான்
முழுசாய்ப் பார்த்தேன்.
வலது கணுக்கால் எலும்பின் உள்பக்கம் தொடங்கி
முட்டியைச் சற்று ஒதுங்கி
பாதித் தொடை வரைக்கும் ஒரே கோடு.
எந்த இடத்திலும் கை நடுங்கவில்லை.

முப்பத்தோரு வருஷம்
களியல் பக்கத்து எஸ்டேட்டில் பால் வெட்டினவன் நான்.
நெற்றியில் லைட்டைக் கட்டி நாலு மணிக்கு ஏறினால்
வெயில் விழுமுன் முந்நூற்றுச் சொச்சம் மரம்.
ஆழம் போனால் தடியில் காயம்,
மறுபட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும்.
மேலோடு போனால் சிரட்டை காய்ந்து கிடக்கும்.
ரெண்டுக்கும் நடுவில் ஒரு முடியளவு இடம்.
கண்ணுக்குத் தெரியாது அது.
கத்திக்குத் தெரியும்.

அதனால் கேட்டேன்:
இது பெரிய டாக்டர் வெட்டினதா?

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி நர்ஸ் சிரித்தாள்.
"சாரு நெஞ்சு மாத்ரம். காலு ஸ்மிஜா சேச்சி."

ஸ்மிஜாவுக்கு முப்பது வயசு இருக்கும்.
கட்டிலோரம் குனிந்து
தன் வேலையைத் தானே ஒருமுறை பார்த்தாள்,
ஒட்டுப்பால் இழுக்குமுன் நான் பார்ப்பதுபோல.
நரம்பு என்று நான் சொல்ல
சிரை என்று திருத்தினாள்.
கிளைகளை ஒவ்வொன்றாய்க் கட்டினாளாம்.
தண்ணீர் ஏற்றி ஒழுக்குப் பார்த்தாளாம்.
பிறகு தலைகீழாய்த் திருப்பி
டாக்டர் கையில் கொடுத்தாளாம்.
ஏன் தலைகீழ்?
"உள்ளே குட்டிக் குட்டிக் கதவு உண்டு அங்கிள்.
ஒரு பக்கம்தான் திறக்கும்."

ஐம்பத்தெட்டு வருஷம்
சத்தமில்லாமல் மேலேறிப் பழகினது.
இனி நெஞ்சின் அடியை வாங்க வேண்டும்.
தாங்குமா என்று கேட்டேன்.
"பழகிக்கும்" என்றாள்,
புது வேலைக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல.

நேசபாய் முதலிலேயே சொல்லிப் பார்த்தாள்,
மூணு அடைப்பு என்று தெரிந்த அன்றைக்கே:
"எனக்க காலில எடுங்க சாரே,
அவருக்கது நூலு மாதிரி இருக்கு,
எனக்கு நல்லா தடிச்சுக் கிடக்கு."
பனச்சமூட்டு அண்டியாபீசில்
மிஷின் பெடலை மிதித்து நின்றே தடித்தது அது.
கெண்டைச் சதையில் மண்புழுக் கூட்டம்போல் சுருண்டு
கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து
நாலு வருஷமாய் ஆறாத புண் ஒன்று.

டாக்டர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன்.
"தடிச்சுக் கிடக்கது பலமில்ல அம்மா.
கதவெல்லாம் போச்சு.
ஏறின ரத்தம் திரும்பி விழுந்து
தேங்கிக் கிடக்கு."
வெளியே வந்து அவள் சொன்னாள்:
"ஒண்ணுக்கும் ஆவாத காலு."

வாரம் மூன்றாகிறது.
தழும்பின் ஓரம், பாதத்தின் உள்பக்கம்
மரத்துப்போய்க் கிடக்கிறது.
கட்டெறும்பு கடித்து வீங்கியபின்தான் பார்த்தேன்.
நான் வெட்டின மரங்களை அப்போது நினைத்தேன்
என்று சொன்னால் பொய்.
வலிக்காமல் இருப்பது ஒரு சௌகரியம்
என்றுதான் நினைத்தேன்.

ரெண்டு பேருக்குமே இறுக்கமான காலுறை எழுதினார்கள்.
ஜோடி ஆயிரத்து எண்ணூறு.
ஒற்றையாய்த் தரமாட்டான் மருந்துக்கடைக்காரன்.
நாடா வைத்து அளந்தால்
அவள் கெண்டையும் என் கெண்டையும் ஒரே அளவு.
வலது எனக்கு.
இடது அவளுக்கு.
நெஞ்செலும்பு கூடும்வரை
நான் பலமாய் எதையும் இழுக்கக்கூடாது.
காலையில் கட்டிலில் உட்கார்ந்து
ரெண்டையும் அவளே இழுத்துவிடுகிறாள்,
முதலில் என்னுடையது.

நேற்று மறுபரிசோதனை.
வராந்தாவில் ஸ்மிஜாவை மறித்தேன்.
நேசபாயின் சேலையை ஒரு சாண் தூக்கச் சொல்லி
புண்ணைக் காட்டினேன்.
இந்தக் காலையும் நீயே வெட்டித் தருவியா மோளே?

குந்தி உட்கார்ந்து விரலால் அழுத்திப் பார்த்தாள்.
"இதுக்கு வெட்டே வேண்டாம் அங்கிள்.
ஒரு ஊசி கடத்தி உள்ளேயே சூடு வெச்சு அடைச்சுடுவாங்க.
மறுநாள் நடக்கலாம்."

நேசபாய்க்கு முகம் தெளிந்தது.
எந்தத் தேதி, என்ன கார்டு வேண்டும்
என்றெல்லாம் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.

நல்லதுதான். நல்லதுதான்.
இருந்தாலும்
அப்படியொரு கை இருக்கும்போது
ஊசி என்றது
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாய் இருந்தது.